யாருடைய மூட்டை?



நமது கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மேடையில் கல்வியின் பெருமையைப் பலரும் எடுத்துரைத்தனர். கற்றவன் அறிந்திருக்க வேண்டிய சட்டம் ஒன்றைப் பற்றி மட்டும் நாம் சிறிது பேச விழைகிறோம். கஞ்சா முதலான போதைப் பொருள் வழக்குகளில் ‘கைவசம்’ என்னும் சொல்லுக்குப் பொருள் என்ன, சோதனைக்குரிய முறை யாது என்பவையே அவை.

‘மடியில் கனமில்லையேல் வழியில் பயமில்லை’ என்பர் முன்னோர். நல்ல மொழிதான். ஆயின் இந்தச் சட்டத்தின் முன் கனம் மடியில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. வீட்டுப் பரணில் இருக்கலாம். வண்டி இருக்கையின் அடியில் இருக்கலாம். மண்ணுக்குள் புதைந்தும் இருக்கலாம். கையில் இல்லாத பொருளும் ஒருவனுடைய கைவசப் பொருளாகும்.

இது எப்படி என்று கேட்பீர்கள். 1972-இல் துப்பாக்கி வழக்கொன்றில் உச்சநீதிமன்றம் இதனை விளக்கியது. கைவசம் என்பதற்கு முதலில் வேண்டுவது அறிவு. பொருள் இருப்பது அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அடுத்து வேண்டுவது ஆளுகை; பொருள் பிறரிடம் இருப்பினும் அதன்மேல் அவனுக்கு அதிகாரம் இருக்க வேண்டும். இவ்விரண்டும் இருந்தால், கையில் இல்லாவிடினும் அது அவன் வசமே.

2015-இல் தீர்ப்பான மோகன்லால் வழக்கு இதற்குச் சான்று. இராசஸ்தானத்தில் நீதிமன்றப் பொருள் காப்பறையிலிருந்து திருடப்பட்ட அபின், குற்றவாளி காட்டிய இடத்தில் மண்ணிலிருந்து தோண்டி எடுக்கப்பட்டது. புதைத்த இடம் அறிந்தவன் அவன். எடுக்க வல்லவனும் அவன். ஆகவே அது அவன் வசம் இருந்ததே என்றது நீதிமன்றம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 2002-இல் பஞ்சாப் வழக்கொன்று. அபின் செடியின் காய்த்தோடு மூட்டைகளை ஏற்றிய வண்டியில், மூட்டைகளின் மேலேயே சிலர் அமர்ந்திருந்தனர். அமர்ந்திருந்ததனாலேயே மூட்டை அவர்களுடையதாகிவிடாது என்று உச்சநீதிமன்றம் அவர்களை விடுவித்தது. ஆயினும் மறு ஆண்டே, 2003-இல், ஒரே காரில் சென்ற ஐவரும் அதிலிருந்த சரசுக்குப் பொறுப்பாளிகளே என்று அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒருவர் விடுதலையும் மற்றவர் சிறையும் வழக்கின் நுணுக்கங்களைப் பொறுத்தவை. அந்த நுணுக்கத்தில் தம் வாழ்வைப் பணயம் வைக்கலாமா என்று நம் இளைஞர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

1985-ஆம் ஆண்டின் போதைப் பொருள் சட்டம் கடுமையானது. கஞ்சா 1 கிலோ வரை சிறிய அளவு. அதற்கு 1 ஆண்டு வரை சிறையோ, 10,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். 20 கிலோவுக்கு மேற்பட்டால் வணிக அளவு. 10 ஆண்டுக்குக் குறையாமல் 20 ஆண்டு வரை சிறை. அபராதம் 1 இலட்சம் முதல் 2 இலட்சம் வரை. இடைப்பட்ட அளவுக்கு 10 ஆண்டு வரை. வணிக அளவு வழக்கில், இவர் குற்றவாளி அல்லர் என நம்ப நியாயமான காரணம் உண்டு என்று நீதிமன்றம் மனநிறைவு கொண்டாலன்றி ஜாமீன் கிடைப்பது அரிது.

இன்னும் ஒன்று. பிற குற்ற வழக்குகளில் குற்ற மனத்தை அரசுத் தரப்பு மெய்ப்பிக்க வேண்டும். இச்சட்டத்திலோ, அது இருந்ததாகவே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்பதை நாம்தான் ஐயத்துக்கிடமின்றிக் காட்ட வேண்டும். எனினும் பொருள் கைவசம் இருந்தது என்னும் அடிப்படையை முதலில் அரசுத் தரப்பே நிறுவியாக வேண்டும் என 2008-இல் நூர் ஆகா வழக்கில் உச்சநீதிமன்றம் வரையறுத்தது.

ஆகவே கரிவலம்வந்தநல்லூரில் பேருந்துக்கு நிற்கும் ஓர் இளைஞனிடம், “தம்பி, இந்தப் பையைச் சங்கரன்கோவிலில் கொடுத்துவிடு, ஒருவர் வந்து வாங்கிக்கொள்வார்” என்று ஒருவர் சொன்னால், அவன் என்ன செய்ய வேண்டும்? உள்ளே இருப்பதைக் காட்டச் சொல்ல வேண்டும், காட்டாவிடில் தொடக்கூடாது. “இரண்டு நாள் உங்கள் வீட்டில் இருக்கட்டும்” என்பாருக்கும் இதுவே விடை. எனக்குத் தெரியாது என்று பின்னர் சொல்வது எளிது, மெய்ப்பிப்பது அரிது.

இனிச் சோதனைக்கு வருவோம். நடுவர் அளிக்கும் வாரண்டுடன் வருவது ஒரு முறை. அதிகாரம் பெற்ற அலுவலர் தமக்குக் கிடைத்த தகவலை எழுத்தில் பதிந்துகொண்டு, வாரண்டின்றிப் பகலில் வீட்டுக்குள் வருவது மற்றொரு முறை. பொழுது சாய்ந்தபின் வாரண்டின்றி வருவதாயின், வாரண்டு பெறும்வரை காத்திருந்தால் பொருள் மறைக்கப்படும் என்று நம்பும் காரணத்தையும் எழுதியாக வேண்டும். இவற்றின் படியை 72 மணி நேரத்துக்குள் மேலதிகாரிக்கு அனுப்ப வேண்டும்.

ஒருவருடைய உடலைச் சோதிப்பதாயின், அரசிதழ் பதிவு பெற்ற அலுவலர் ஒருவரிடமோ நடுவரிடமோ அழைத்துச் செல்லக் கோரும் உரிமை அவருக்கு உண்டு. அவ்வுரிமையை அவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியது அலுவலரின் கடமை என்று 1999-இல் பல்தேவ் சிங் வழக்கில் அரசியல் சாசன அமர்வு கூறியது. ஆனால் கையிலுள்ள பைக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. பெண்ணைப் பெண்ணே சோதிக்க வேண்டும்.

வீட்டுச் சோதனைக்கு அப்பகுதியைச் சேர்ந்த நடுநிலையான இருவரையேனும் சாட்சியாக அழைக்க வேண்டும். வீட்டுக்காரர் உடனிருக்கலாம். எடுத்த பொருள்களின் பட்டியலில் சாட்சிகள் ஒப்பமிட வேண்டும். அதன் படி வீட்டுக்காரருக்குத் தரப்பட வேண்டும். 2024 சூலை 1 முதல் நடைமுறையிலுள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், சோதனையை ஒலி-ஒளிப் பதிவு செய்யவும் கட்டளையிடுகிறது. அலுவலரைத் தடுக்க வேண்டா; வாக்குவாதம் வேண்டா. உடனிருந்து பாருங்கள், பட்டியலைக் கேட்டுப் பெறுங்கள், எழுதாத தாளில் ஒப்பமிடாதீர்கள். முறை தவறியதனாலேயே வழக்கு வீழ்ந்துவிடும் என்று நம்பியும் இராதீர்கள்.

அலுவலரிடம் அளிக்கும் ஒப்புதல் வாக்குமூலத்தைக் கொண்டு தண்டிக்கலாகாது என 2020-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. தூஃபான் சிங் என்பவர் தமிழ்நாட்டுக்கு எதிராக நடத்திய வழக்கு அது.

இத்தனையும் நமக்கு ஏன்? பிறப்பைக் கொண்டே மக்களைக் குற்றவாளிகள் என எழுதிவைத்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1871-இல் தொடங்கியது. நாடு முழுவதும் நீங்கியது 1952-இல். சட்டம் போயிற்று, தெருவைப் பார்த்து ஐயுறும் வழக்கம் முற்றும் போகவில்லை. காரணமின்றித் தொல்லை தரும் சோதனை செய்யும் அலுவலருக்கு 6 மாதம் வரை சிறை உண்டென இந்தப் போதைப் பொருள் சட்டமே கூறுகிறது. பட்டியல் சாதியினர்மீது பிற சாதியார் பொய் வழக்குத் தொடுப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். இவற்றை அறியாதவனுக்கு இவை இருந்தும் இல்லாதவையே.

கைதானவரை, பயண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும். வழக்கறிஞரைக் கலந்துகொள்ள விட வேண்டும். இது அண்ணல் அம்பேத்கர் தலைமையில் வரைவு செய்யப்பட்ட அரசியல் சாசனத்தின் 22-ஆம் பிரிவு. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, பட்டியல் சாதியினர் எவருக்கும் வருமான வரம்பின்றி இலவச வழக்கறிஞர் உதவி உண்டு. வட்டச் சட்டப் பணிகள் குழுவை அணுகுங்கள். கடன் வாங்கி, நிலத்தை அடகு வைத்து, இடைத்தரகரிடம் கொடுக்க வேண்டா.

போதைப் பொருள் விற்பவனுக்கு நாம் பரிந்து பேசவில்லை. அவன் நம் பிள்ளைகளின் உடலையும் அறிவையும் அழிப்பவன். நம் சமுதாயத்தில் பிறந்தவனாயினும் அவனுக்கு இடங்கொடுத்தல் ஆகாது. நாம் காக்க நினைப்பது, பிறர் மூட்டையைத் தன் மூட்டையாகச் சுமந்து 10 ஆண்டை இழக்கப்போகும் பிள்ளையை. அவனுக்காக ஒரு வேண்டுகோள்: இவ்வுரையை வீட்டுக்கு எடுத்துச் செல்லுங்கள், எழுத்தறியாத தாய்மார்க்குப் படித்துக் காட்டுங்கள். கதவு தட்டப்படும் நேரத்தில் வீட்டில் இருப்பவர்கள் பெரும்பாலும் அவர்களே.