மதகு திறந்தது, வாய்க்கால் தூர்ந்தது



நம் சங்க அலுவலகத்தில் இணையம் நத்தையாய் ஊர்ந்தது. சேமநிதி மனுப்போட வந்த மில் தோழர் ஒருவர் அரைநாள் கூலியை இழந்து வெறுங்கையோடு திரும்பினார். கம்பெனிக்காரரைக் கேட்டோம். "100 மெகாபிட் போதாது, 300-க்கு மாறுங்கள்" என்றார். நானும் தலையாட்டினேன். மாதக் கட்டணம் ஏறிற்று, வேகம் ஏறவில்லை. தவறு என்னுடையது.

மதகை எவ்வளவு திறந்தாலும், தூர்ந்த வாய்க்காலில் தண்ணீர் பாயுமா? நமது ரூட்டர் 2003-இல் வந்த 'ஜி' தரத்தைச் சேர்ந்தது. ஏட்டில் அதன் வேகம் 54 மெகாபிட். கைக்குக் கிடைப்பது சுமார் 20. 300 வாங்கி என்ன பயன்?

ஆகவே தோழர்களே, பணம் கட்டுமுன் சோதியுங்கள். ரூட்டரை விட்டுவிட்டு, மோடத்திலிருந்து கேபிளை நேரே கணினியில் செருகிப் பாருங்கள். அங்கும் வேகம் குறைந்தால் பொறுப்பு கம்பெனியுடையது. எழுத்துமூலம் புகார் கொடுங்கள். அங்கே சரியாயிருந்தால் குறை நம் பெட்டியில்தான். புதியது வாங்கும்போது 5 கிகாஹெர்ட்ஸ் அலையும் கிகாபிட் இணைப்பும் உண்டா என்று கேளுங்கள்.

நாங்கள் ரூட்டரை மாற்றினோம். திட்டத்தை மீண்டும் 100-க்கே இறக்கினோம். இன்று மனு நிமிடங்களில் போகிறது. சந்தாக் காசு ஒவ்வொன்றும் உங்கள் வியர்வை. அதைக் கேள்வி கேட்காமல் செலவிடலாகாது!