திரையில் நாம் அஞ்சுவது எதற்கு?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



புலவர் பெருமக்கள் ஏறிப் பேசிய மேடை இது. பத்தாம் வகுப்புத் தேறியதோடு ஏட்டை மூடிவைத்துவிட்டு, புகைவண்டி நிலையத்தில் எழுத்தராகக் காலங்கழிக்கும் நம்மை இம்மேடையில் ஏற்றிய செயலாளர் அவர்கள், "எதைப் பற்றியும் பேசலாம்" என்றார். சென்ற திங்களில் நம் குடியிருப்பு இளைஞர்கள் இரு பிரிவாய் நின்று, பேய்ப்படங்களுள் சிறந்தது எது என்று இரவு பத்து மணி வரை வழக்காடினர். அவ்வழக்கிற்குத் தீர்ப்புக் கூறும் தகுதி நமக்கில்லை. ஆயினும் அஞ்சுவதற்கென்றே மக்கள் காசு கொடுத்துக் கொட்டகைக்குச் செல்வது ஏன், எவ்வகை அச்சம் அவர்க்கு உவப்பானது என்பதை இன்று ஆராய விழைகின்றோம். இதில் நம் வீட்டுச் செய்தி ஒன்றும் அடங்கியுள்ளது. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

நம் தொழிலிலிருந்தே தொடங்குவோம். பாரிசு நகரில் லூமியேர் உடன்பிறந்தார் 1895ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள் கட்டணம் பெற்றுத் திரைப்படம் காட்டினர். அடுத்த ஆண்டு அவர்கள் காட்டிய படங்களுள் ஒன்று, நிலையத்திற்குள் புகைவண்டி வந்து நிற்பது. அதனைக் கண்டோர், வண்டி தம்மேல் ஏறிவிடும் என்று இருக்கையை விட்டு ஓடினர் என ஒரு கதை உண்டு. அது மிகைபடக் கூறியது என்பர் வரலாறு ஆராய்ந்தோர். அப்படம் 1896 ஜூலை 7ஆம் நாள் பம்பாயில் வாட்சன் விடுதியிலும் காட்டப்பெற்றது.

நாம் நாள்தோறும் மேடையில் நிற்கின்றோம். எத்துணையோ டன் எடையுள்ள வண்டி சில அடித் தொலைவில் நிலம் அதிரக் கடந்து செல்கின்றது. நாம் அஞ்சுவதில்லை. அது வரும் நேரமும் வரும் வழியும் நமக்குத் தெரியும். ஆனால் மழைக்கால நள்ளிரவில், நெல்லியாம்பதி மலையை முகில் மூடியிருக்க, பனைகளினூடே காற்று வீசும்போது, நிலையத்தின் பின்புறம் காரணமின்றி ஒரு கதவு ஒருமுறை அடித்துக்கொண்டால், நம் நெஞ்சு துணுக்குறுகின்றது. வண்டியை விடவா கதவு வலிது? அன்று. கதவை அடித்தது யார் என்பது நமக்குத் தெரியவில்லை, அவ்வளவே.

பாலக்காட்டுச் சீமையில் முன்னோர் ஒடியன் கதை கூறுவர். ஒடியன் இரவில் எருதாகவும் பிற உருவாகவும் மாறி வழிமறிப்பானாம். ஆனால் அவன் எடுத்த உருவில் ஏதேனும் ஒரு குறை இருக்குமாம். எருதென்றால் கொம்பொன்றோ வாலோ இராது. இக்கதையைக் கட்டியவர் அச்சத்தின் இலக்கணம் அறிந்தவர். முற்றிலும் அயலான ஒன்றைக் கண்டால் நாம் வியப்போம். நன்கு அறிந்த ஒன்றில் அறியாத ஒன்று கலந்திருந்தால் அஞ்சுவோம். 2018ஆம் ஆண்டு 'ஒடியன்' என்றே மலையாளத்தில் படமும் வந்தது.

இனி, அச்சத்தின் வகைகளைப் பார்ப்போம். தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டனுள் அச்சத்தையும் ஒன்றாக வைத்தார். அது பிறக்கும் இடங்கள் நான்கு என்றார். அணங்கு, விலங்கு, கள்வர், தம்மை ஆளும் இறை என்பன அவை. திரைப்படம் என்பது கனவிலும் இல்லாத காலத்தில் வகுத்த பகுப்பு இன்றும் பொருந்துகின்றது.

விலங்கச்சத்திற்கு 1975ஆம் ஆண்டின் சுறாமீன் படமாகிய 'ஜாஸ்' சான்று. கள்வரும் கொலைஞரும் தரும் அச்சத்திற்கு ஹிட்ச்காக் 1960ஆம் ஆண்டில் எடுத்த 'சைக்கோ'வும், நம் பாரதிராஜா 1978ஆம் ஆண்டில் எடுத்த 'சிகப்பு ரோஜாக்க'ளும் சான்று. அணங்கச்சம் நம் நாட்டில் மிகப் பெரிது. வைக்கம் முகம்மது பஷீர் எழுத, வின்சென்ட் இயக்கி 1964ஆம் ஆண்டில் வெளிவந்த 'பார்கவி நிலையம்' மலையாளத்தில் இவ்வகைக்கு வழிகாட்டி. இறையால் வரும் அச்சத்திற்கு 2024ஆம் ஆண்டின் 'பிரமயுகம்' சான்று. ஒரு பழைய மனையில் முதிய தலைவன் ஒருவன். அடிமைத்தளைக்கு அஞ்சி ஓடிவந்த பாணன் ஒருவன். புகல் அளித்தவன் வெளியேற விடுவதில்லை. நிறமின்றிக் கருப்பு வெள்ளையிலேயே எடுத்த இப்படத்திற்குப் படப்பிடிப்பு நடந்த இடங்களுள் ஒன்று, ஒற்றப்பாலத்தை அடுத்த வரிக்காசேரி மனை.

அச்சம் உண்டாக்கும் முறை யாது? மறைத்தலும், காக்கவைத்தலும், ஒலியும் ஆகும். 1942ஆம் ஆண்டு அமெரிக்காவில் 'கேட் பீப்பிள்' என்று ஒரு படம் வந்தது. இரவில் தனிவழியே ஒருத்தி நடக்கின்றாள். பின்னால் ஏதோ வருகின்றது. காலடி ஓசை கேட்கின்றது. பிறகு அதுவும் நின்றுவிடுகின்றது. கொடுவிலங்கு பாயப்போகின்றது என்று நாம் மூச்சடக்கி இருக்கும்போது, சீறி வந்து நிற்பது ஒரு பேருந்து! விலங்கு நம் கண்ணில் படவேயில்லை. பேயைப் பலமுறை காட்டிய படத்தை விட, ஒரு முறையும் காட்டாத படம் நம்மை அச்சுறுத்துவது இதனாலேதான். காட்டிய பேய்க்கு ஓர் உருவமே உண்டு. காட்டாத பேயைக் காண்போர் ஒவ்வொருவரும் தத்தம் நெஞ்சில் வரைந்துகொள்கின்றனர்.

அச்சத்தில் இன்பம் எங்ஙனம் வந்தது என்று வினவலாம். ஆபத்தென்று கருதியதும் உடலில் அட்ரினலின் சுரக்கின்றது. நெஞ்சு விரைந்து துடிக்கின்றது; உள்ளங்கை வியர்க்கின்றது. ஆயின் அறிவோ, 'இது கொட்டகை. அருகில் அண்ணன் அமர்ந்திருக்கின்றான்' என்று கூறுகின்றது. இவ்விரண்டும் ஒருங்கே நிகழ்வதே சுவை. டென்மார்க்கின் ஆர்கஸ் பல்கலைக்கழகத்து ஆய்வாளர், பேய்வீடாக அமைத்த இடத்தில் 110 பேருடைய நெஞ்சுத்துடிப்பை அளந்து 2020ஆம் ஆண்டில் முடிவு வெளியிட்டனர். அச்சம் குறைந்தவர்க்கும் இன்பம் குறைவு, மிகுந்தவர்க்கும் குறைவு, நடுவில் நின்றவர்க்கே இன்பம் மிகுதி. உணவில் உப்புப் போல என்று நம் தாய்மார்கள் ஆய்வின்றியே கூறிவிடுவர்.

அந்த உப்பின் அளவு ஆளுக்கு ஆள் வேறுபடும். நம் குடியிருப்பிலேயே காண்கின்றோம். சிறுவர்க்கு 2011ஆம் ஆண்டின் 'காஞ்சனா' போல, அஞ்சியதும் சிரிக்க இடம் தரும் படம் வேண்டும். இளைஞர்க்கு 2012ஆம் ஆண்டின் 'பீட்சா' போல, இறுதியில் ஏமாற்றித் திருப்பும் கதை வேண்டும். முதியோர்க்கு வெள்ளைப்புடைவையும் பாட்டும் இருந்தாற் போதும். ஆயினும் மூவகையாரும் ஒருசேரக் கதவடைத்து அமர்ந்து காணும் படம் ஒன்றுண்டு. அதுவே பாசில் இயக்கத்தில் 1993ஆம் ஆண்டு வெளிவந்த 'மணிச்சித்திரத்தாழ்'. அதில் நடித்த சோபனா அவர்கள் சிறந்த நடிகைக்கான தேசிய விருது பெற்றார். முப்பது ஆண்டு கழித்து, 2024ஆம் ஆண்டில் அது மீண்டும் கொட்டகைக்கு வந்தது.

அதன் கதை அறியாதார் இரார். பூட்டிய அறை, அதனுள் தஞ்சையிலிருந்து கொண்டுவரப்பெற்ற ஆடல்மகள் நாகவல்லியின் கதை. வீட்டிற்கு வந்த மருமகள் கங்கை அக்கதையில் தன்னை இழந்துவிடுகின்றாள். அங்குப் பேய் இல்லை. தனிமையில் வளர்ந்த ஒரு பெண்ணின் மனநோயே உண்டு. நம்மை நடுங்கவைப்பது எது? நாம் அறிந்த கங்கை, திடீரென்று அறியாத குரலில், வேறு மொழியில் பேசுவதே. ஒடியனின் கொம்பில்லா எருதை நினைவு கூர்க.

அந்த வேறு மொழி எது? தமிழ்!

இங்கேதான் நம் வீட்டுச் செய்தி வருகின்றது. நம் இளைய மகள் ஏழாம் வகுப்புப் படிக்கும்போது, பள்ளியில் தோழியருடன் பேசுகையில் வாய்தவறித் தமிழில் ஒரு சொல் கூறினாள். உடனே ஒருத்தி "நாகவல்லி!" என்று கண்ணை உருட்டினாளாம். அனைவரும் சிரித்தனர். அதில் பகையில்லை, பிள்ளை விளையாட்டே. ஆயினும் அன்று முதல் நம் மகள் தெருவில் தமிழ் பேசுவதை விட்டாள். கடையில் தாய் தமிழில் கேட்டால், இவள் மலையாளத்தில், அதுவும் தாழ்ந்த குரலில் விடை கூறினாள். காரணம் தெரியாமல் தாய் கடிந்துகொண்டாள். பல நாள் சென்ற பின்னரே செய்தி வெளிவந்தது. தன் தாய்மொழி பேயின் மொழி என்று ஒரு பிள்ளை வெட்கப்பட்டது நம் நெஞ்சை வருத்தியது.

அறிவுரை கூறாமல், ஒரு ஞாயிறன்று அவளை அருகிருத்தி 'சந்திரமுகி'யைப் போட்டோம். 2005ஆம் ஆண்டில் வெளிவந்து, சென்னைச் சாந்தி திரையரங்கில் 800 நாட்களுக்கு மேல் ஓடிய படம். அதே கதை, அதே அறை. ஆனால் தமிழ்ப்படத்தின் அணங்கு பேசுவது தெலுங்கு! மகள் எழுந்து அமர்ந்தாள். அதற்கு முந்தைய ஆண்டு கன்னடத்தில் வந்த 'ஆப்தமித்ரா'விலும் அணங்கு பேசுவது தெலுங்கே என்றோம். 2007ஆம் ஆண்டு இந்தியில் வந்த 'பூல் புலையா'வில் வங்கமொழி என்றோம். அவள் சிறிது நேரம் எண்ணிவிட்டு, "அப்பா, அப்போ எல்லார்க்கும் பேய் பக்கத்து ஊர்க்காரிதானா?" என்றாள்.

நாம் ஒரு மணி நேரம் பேசிய பொருளை அவள் ஒரு வரியில் கூறிவிட்டாள். நெடுந்தொலைவு நாட்டின் மொழி எந்தப் படத்திலும் அணங்கிற்கு வாய்க்கவில்லை. பாதி விளங்கும், பாதி விளங்காத அண்டை மொழியே வாய்த்தது. அறிந்ததில் கலந்த அறியாமையே அச்சம் என்றோம் அல்லவா? இதில் எவரையும் பழிப்பதற்கில்லை. நாமும் அதையே செய்கின்றோம்.

மற்றொன்றும் கருதத்தக்கது. அக்கதையில் உண்மையாக அஞ்சத்தக்கவர் யார்? காதலனைப் பிரித்து, நாகவல்லியைச் சிறைப்படுத்திக் கொன்ற காரணவரே அன்றோ? தொல்காப்பியர் கூறிய நான்கனுள் அணங்கின் பின்னே இறை ஒளிந்து நிற்கின்றது. பார்கவி நிலையத்திலும் அஃதே. பார்கவி கொலையுண்டவள், அவ்வீட்டிற்குக் குடிவந்த எழுத்தாளர் அவளோடு அன்பாகப் பேசி, அவள் கதையை எழுதத் தொடங்குகின்றார். கதை வெளிப்பட வெளிப்பட அவள் மீது நமக்கு அச்சம் நீங்கி இரக்கம் பிறக்கின்றது. மக்கள் மீண்டும் மீண்டும் விரும்பிக் காணும் அச்சம் இவ்வகையே என்பது நம் துணிபு. வெறுமனே அச்சுறுத்தும் படம் ஒருமுறை ஓடும். அஞ்சியவளின் துயரைக் கேட்கவைக்கும் படம் தலைமுறை கடந்து நிற்கும்.

நாகவல்லியின் தமிழ்க்குரல் எவருடையது என்பதும் நெடுங்காலம் வெளிப்படாமல் இருந்தது. படம் முழுதும் ஒரே குரல் என்றே மக்கள் கருதினர். தமிழ்ப்பகுதிக்குக் குரல் தந்தவர் துர்கா என்னும் தமிழ்க் கலைஞர் என்று பல்லாண்டு கழித்து இயக்குநரே கூறினார். கேரளமெல்லாம் கேட்டு நடுங்கிய குரலுக்கு அத்தனை காலம் பெயரில்லை!

அன்பர்களே, பிழைப்பு நாடி வந்தோரும், எல்லை வகுக்கப்படும் முன்னரே இங்கு வாழ்ந்தோருமாகிய நாம், நம் மொழியைப் பூட்டிய அறையில் வைத்தால் அது பிறர்க்கு நாகவல்லியாகத்தான் கேட்கும். கதவைத் திறந்து வைத்தால் பக்கத்து வீட்டுப் பேச்சாகக் கேட்கும். ஆதலின் நமது வேண்டுகோள் இரண்டு. அடுத்த ஆண்டு விழாவிற்கு நம் மலையாள அண்டை வீட்டார் ஒவ்வொருவரையும் அழைப்போம். நம் பிள்ளைகள் தெருவில் தமிழ் பேச வெட்கினால், கடியாமல் காரணம் கேட்போம்.

நம் மகள் இப்போது முற்றும் மாறிவிட்டாள் என்று கூறமாட்டோம். இன்றும் சில வேளை கடையில் மலையாளத்திலேயே விடை தருகின்றாள். நாம் வற்புறுத்துவதில்லை. ஆனால் சென்ற திங்களில், அன்று கண்ணை உருட்டிய அதே தோழி நம் வீட்டிற்கு வந்து, நாகவல்லி பேசும் தமிழுக்குப் பொருள் என்னவென்று கேட்டாள். நம் மகள் சொல் சொல்லாக விளக்கினாள். உள்ளே சமையற்கட்டிலிருந்து தாய் அதனைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.