யார்க்டவுன்ல தோத்தவர், நம்ம கோட்டைல நிக்கிறார்

அமெரிக்கா பிறந்த கதையைப் பேச நம்ம ஊர்லயே இடம் இருக்கு. திருமயிலைல பறக்கும் ரயில் ஏறி, கோட்டை ஸ்டேஷன்ல இறங்குங்க. கோட்டை அருங்காட்சியகத்துல பளிங்குச் சிலையா நிக்கிறாரே காரன்வாலிஸ், அவர்தான் 1781-ல யார்க்டவுன்ல வாஷிங்டன் படைகிட்ட சரணடைஞ்சவர். அந்த நிகழ்ச்சிக்கே உடம்பு சரியில்லைன்னு துணைத் தளபதியை அனுப்பிட்டார். நாம ரிவ்யூ மீட்டிங்குக்குச் சொல்ற அதே காரணம்!

அஞ்சே வருஷத்துல இந்தியாவுக்கு கவர்னர் ஜெனரல். 1792-ல திப்புவைத் தோற்கடிச்சு, ரெண்டு மகன்களைப் பிணையா வாங்கினார். சின்னப் பசங்க. சிலையோட பீடத்துல செதுக்கியிருக்கிறது அந்தக் காட்சியைத்தான். ஸ்கூல் டூர்ல யாரோ துரைன்னு நான் தாண்டிப் போயிட்டேன்.

அடுத்த சென்னை தினத்துக்கு அங்க யாராவது உரை வெச்சா, யார்க்டவுன்ல இருந்து ஆரம்பிங்க. நான் அந்தப் பசங்களுக்கு எதிர்லதான் உட்காருவேன்.