கூதிரில் குடிபுகல்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



நெடுநல்வாடை பற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்தார். அதனுள் ஒரு சிறு கூற்றை மட்டும், அதாவது கூதிர்க்காலத்தில் மனிதர் ஓரிடத்தில் குடிபுகுவதை மட்டும், எடுத்துக்கொள்ளுகின்றேன். நூலின் பெயரைச் சொன்னவுடன் முதலாண்டு மாணவர் ஒருவர், "அது என்னம்மா நல்ல வாடை?" என்று மூக்கைச் சுருக்கினார். வடக்கிலிருந்து வீசும் காற்று என்று விளக்கிய பின்னும் அவர் முகம் தெளியவில்லை. மதுரையில் குளிரா என்பதே அவர்தம் ஐயம். உண்மையைச் சொன்னால், நகரத்து மாடிவீட்டில் வாழ்ந்த எனக்கும் 2021 வரை அந்த ஐயம் உள்ளூர இருந்தது.

அவ்வாண்டு ஐப்பசியில், சோழவந்தான் பக்கத்துச் சிற்றூரில் எந்தையார் விட்டுச்சென்ற ஓட்டுவீட்டிற்குக் குடிபெயர்ந்தேன். விற்றுவிடலாம் என்பது என் தமையனார் கருத்து. "ஒழுகும் வீட்டில் யார் இருப்பது?" என்று கேட்டார். ஒரு மழைக்காலம் இருந்து பார்த்துவிட்டு முடிவு செய்வோம் என்றேன். அவ்வாண்டு வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் இயல்பினும் மிகுதியாகப் பெய்தது. வையையில் வெள்ளம் வந்தது. தேர்ந்தெடுத்த ஆண்டு அப்படி!

முதல் வாரத்திலேயே அடுத்த வீட்டு மூதாட்டியார் வந்து, "ஏத்தா, வடக்குச் சன்னலை ஏன் தொறந்து போட்டிருக்க?" என்று கடிந்துகொண்டார். சன்னலை அடைத்து ஓலைத்தட்டி சார்த்தச் செய்தார். முற்றத்தில் கிடந்த விறகையும் வரட்டியையும் பரணில் ஏற்றச் செய்தார். மண்பானைத் தண்ணீரைக் கொட்டிக் கவிழ்த்துவிட்டு, வெந்நீருக்கு ஓர் அடுப்பை எப்போதும் கனிய விடச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல, எங்கோ படித்ததுபோல் இருந்தது. அன்றிரவு மின்சாரம் இல்லை. விளக்கொளியில் பத்துப்பாட்டைப் புரட்டியபோது அனைத்தும் அங்கே இருந்தன.

நக்கீரர் பாடிய 188 அடிகளில், கூதிர் வந்த ஊர் என்ன செய்கிறது என்று பாருங்கள். தென்காற்றைக் கொணரும் வேனிற் பள்ளியின் சாளரங்கள் திறவாமல் கிடக்கின்றன, கதவுகள் தாழிடப்படுகின்றன. விசிறி முளையில் தொங்குகிறது. அதில் சிலந்தி நூல் கட்டுகிறது. சந்தனம் அரைக்கும் வட்டக்கல் வேலையற்றுக் கிடக்கிறது. குறுகிய வாயுடைய கன்னலின் தண்ணீரை ஒருவரும் பருகுவதில்லை. அகன்ற வாயுடைய தடவில் நெருப்பு எரிகிறது. பொழுது தெரியாமையால், பறித்து வைத்த பிச்சியரும்பு மலர்வதைக் கொண்டே மகளிர் மாலை வந்ததை அறிகின்றனர். குளிரால் நரம்பு இளகாத யாழை ஆடல் மகளிர் தம் மார்பில் அணைத்து வெப்பமூட்டுகின்றனர். கூதிருக்கென்று புதிதாய் எதுவும் வாங்கப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். உள்ளவற்றுள் எதை ஒதுக்கி வைப்பது, எதை அடைப்பது, எங்கே தீ மூட்டுவது என்பதே குடிபுகல். இப்பகுதியை நான் வகுப்பில் 'வருணனை' என்று ஒரே சொல்லில் கடந்துவந்திருக்கின்றேன். மூதாட்டியார்க்கு அது வருணனை அன்று, வேலைப் பட்டியல்.

ஆனால் பாட்டு அங்கே தொடங்கவில்லை. அதன் முதற் பன்னிரண்டு அடிகளில் வீடே இல்லை. வெள்ளத்தை வெறுத்த கோவலர், வளைந்த கோலுடன், தம் ஆநிரைகளை மேட்டுநிலத்திற்கு ஓட்டிச் செல்கின்றனர். பழகிய இடத்தைப் பிரிந்த வருத்தம் அவர்களுக்கு. சூடிய காந்தள் மாலை நனைந்து அலைகிறது. கையில் கொள்ளியை ஏந்தி நடுங்குகின்றனர். இந்நூல் அகமா புறமா என்னும் வழக்கிற்கே நாம் வகுப்பு நேரத்தைச் செலவிடுவோம். வேலில் கட்டிய வேம்பு பாண்டியனைச் சுட்டுதலின் புறமே என்பார் நச்சினார்க்கினியர். நல்ல வழக்குத்தான். ஆயினும் அதற்கு விரைந்து செல்லும் அவசரத்தில் கோவலரை மழையிலேயே நிறுத்திவிட்டுப் போய்விடுகின்றோம்.

கார்த்திகை முதல் வாரத்தில், மாலை மயங்கும் வேளை, என் வாயிலில் ஒரு கிடைமாட்டுக்காரர் நின்றார். நம் பக்கத்துப் புலிக்குளம் மாடுகளைக் கிடை கிடையாக ஓட்டிச் சென்று, வயல்களில் இரவு மடக்கி எருவிடுவோரை நீங்கள் அறிவீர்கள். வயலெல்லாம் நீரும் நெல்லுமாய் நின்றமையால் அவர்க்கு மடக்க இடமில்லை. "தாயி, வீட்டுக்கு மேக்க அந்த மேட்டுல மாட்டை நிறுத்திக்கிறோம். கொஞ்சம் கங்கு கிடைக்குமா?" என்றார். நான் தயங்கினேன். எத்தனை பேர், எத்தனை நாள், மாடுகள் சுவரை இடிக்குமோ என்று நகரத்துக் கேள்விகள் மனத்தில் ஓடின. இதற்குள் மூதாட்டியார் ஒரு சட்டியில் கங்கை அள்ளிக்கொண்டு வந்துவிட்டார். நான் கதவைப் பிடித்தபடியே நின்றேன். அந்தத் தயக்கத்தை இன்று நினைத்தாலும் நாணமாக உள்ளது.

மேட்டில் தீ எரிந்தது. கூட வந்த சிறுவன் உள்ளங்கைகளைத் தீயில் காட்டி, சூடு ஆறுமுன் இரு கன்னங்களிலும் ஒற்றிக்கொண்டான்; மீண்டும் காட்டினான், மீண்டும் ஒற்றினான். கோவலரைப் பற்றி நக்கீரர் கூறும் 'கவுள் புடைத்தல்' என்பதைப் பல் கிட்டிக் கன்னம் அடித்துக்கொள்வதாகவும் கொள்ளலாம். காய்ச்சிய கையைக் கன்னத்தில் அடித்து ஒற்றுவதாகவும் கொள்ளலாம். இருபது ஆண்டுகள் முதற்பொருளையே சொல்லிக் கொடுத்தேன். ஒரு சிறுவனின் செயல் உரைவிளக்கத்திற்குச் சான்றாகாது என்பதை அறிவேன். ஆனாலும் இப்போது இரண்டையும் சொல்கின்றேன். இரண்டாவதைச் சொல்லும்போது என் கை தானே எழுகிறது.

மேலூர் அருகிலுள்ள மாங்குளத்து மலையையும் இங்குச் சொல்ல வேண்டும். 1882இல் ராபர்ட் சீவல் கண்டறிந்த தமிழிக் கல்வெட்டுகள் உள்ள இடம். நெடுஞ்செழியன் என்னும் பெயர் அங்கும் உண்டு. நம் பாட்டுடைத் தலைவன் அவனே என்று துணிதற்கில்லை. கல்வெட்டைக் காணவே பலரும் ஏறுவர். நான் கண்டது குகையின் நெற்றியில் வெட்டப்பட்ட நீர்வடி விளிம்பு. மழைக்காலத்தில் ஓரிடத்தில் தங்குவது சமணத் துறவியர் மரபு. பாறையில் வழியும் நீர் உள்ளே வாராமல் வெளியே சொட்டுமாறு ஒரு வெட்டு, கீழே கற்படுக்கை, மனை முடிந்தது. ஊர்க்கூரையில் இறவாரம் செய்யும் வேலையை அங்கே உளி செய்துள்ளது.

பாட்டின் இறுதிக்கு வருகின்றேன். அரண்மனைக்கு இருகோல் நாட்டி நிழல் பார்த்து நூலிட்ட செய்தியெல்லாம் விரிவாய் வருகிறது. அத்தனை சிறப்புடைய மனையில் அரசி உறங்கவில்லை. அரசனோ பாசறையில், துளி சிதறும் நள்ளிரவில், புண்பட்ட வீரரைக் கண்டு வருகின்றான். தொடக்கத்தில் வெளியே நின்றவர் கோவலர். முடிவில் வெளியே நிற்பவன் வேந்தன்.

என் தமையனார் கேள்விக்கு விடை கேட்பீர்கள். அம்மழையில் வீடு ஒழுகத்தான் செய்தது. மறு ஆடியில் ஓடு மாற்றினோம். விற்கவில்லை. மேற்கு மேட்டிலிருந்த முள்ளை வெட்டி ஒதுக்கி, ஓரத்தில் காய்ந்த விறகு அடுக்கி வைத்தேன். அவ்வாண்டு கிடை வேறு வழியாகப் போய்விட்டது. அதற்கு அடுத்த கார்த்திகையில் வந்தது. சிறுவன் வளர்ந்திருந்தான், கங்கு கேட்கவில்லை, தீப்பெட்டி வைத்திருந்தான். விறகை மட்டும் எடுத்துக்கொண்டான்.