வண்டி நம்மது, பிளக்கும் நமக்குத் தெரியணும்

(காட்டேரிக்குப்பத்தில் நடந்த கூட்டமைப்பு உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சேமிப்பு, கடன், தவணை என்று மாதாமாதம் பேசுகிறோம். இன்றைக்கு ஒரு விரல் நீளமே உள்ள சின்னப் பொருளைப் பற்றிப் பேசப் போகிறோம். அதன் பெயர் ஸ்பார்க் பிளக். கார், வேன், மொபெட் என்று பெட்ரோலில் ஓடுகிற எல்லா வண்டியிலும் இது இருக்கும்.

"அதெல்லாம் ஆம்பளைங்க பார்க்குற வேலைதானே" என்று பின் வரிசையில் சிரிக்கிறீர்கள். சரி, வண்டிக்கு வாங்கின குழுக்கடன் யார் பெயரில் இருக்கு? தவணை கட்டுவது யார்? பழைய ஆம்னி வேன் வாங்கி, திருக்கனூருக்கும் வில்லியனூருக்கும் காய்கறி ஏற்றி ஓட்டினால், வண்டி ஒரு நாள் நின்றாலும் அந்த நாள் வருமானம் போச்சு. தவணை மட்டும் நிற்காது. அதனால் இது நம்ம வேலையும்தான்.

காரை முதன்முதலில் வெகுதூரம் ஓட்டிக் காட்டியதே ஒரு பெண் என்பது உங்களுக்குத் தெரியுமா? ஜெர்மனியில் 1888 ஆகஸ்டு மாதம், பெர்த்தா பென்ஸ் என்ற அம்மா தன் இரண்டு பையன்களைக் கூட்டிக்கொண்டு, கணவர் கார்ல் பென்ஸ் செய்த வண்டியை அவரிடம் சொல்லாமலே எடுத்துப் போனார். மான்ஹைம் ஊரிலிருந்து பொர்ஸ்ஹைம் வரை நூறு கிலோமீட்டருக்கு மேல். வழியில் எரிபொருள் குழாய் அடைத்தது, தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தார். தீப்பொறி தருகிற ஒயரில் பழுது வந்தது, காலுறையைப் பிடிக்கும் பட்டையைச் சுற்றிச் சரிசெய்தார் என்று சொல்வார்கள். மெக்கானிக் கடை என்று ஒன்றே இல்லாத காலம் அது. அவர் செய்ததில் கால்வாசி நாம் கற்றுக்கொண்டால் போதும்.

பிளக் என்ன வேலை செய்கிறது?

கேஸ் அடுப்பைத் திறந்து லைட்டரை அழுத்துகிறோம். பொறி பறந்து தீ பிடிக்கிறது. எஞ்சினுக்குள் அந்த லைட்டர்தான் பிளக். சிலிண்டருக்குள் பெட்ரோலும் காற்றும் கலந்து அமுங்கி நிற்கும். பிளக்கின் நுனியில் பத்தாயிரம் வோல்ட்டுக்கும் மேலான மின்சாரம் ஒரு சின்ன இடைவெளியைத் தாண்டிக் குதிக்கும். அந்தப் பொறியில் கலவை வெடித்து வண்டியை நகர்த்தும். எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றினால், கார் எஞ்சினில் ஒவ்வொரு பிளக்கும் நிமிடத்துக்கு 1500 தடவை பொறி விட வேண்டும்.

பிளக்கில் வெள்ளையாக இருக்கிறதே, அது பீங்கான் வகை. நம்ம வில்லியனூர் சுடுமண் பொம்மை மாதிரி அதுவும் சூளையில் சுட்டு எடுப்பதுதான். மண்ணுக்குப் பதில் அலுமினா என்ற பொருள். பானை கீழே விழுந்தால் விரிசல் விடுமே, அதுபோல பிளக்கும் கீழே விழுந்தால் உள்ளே கண்ணுக்குத் தெரியாமல் விரிசல் விடலாம். விழுந்த பிளக்கை மாட்டாதீர்கள்.

ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். டீசல் வண்டிக்கு ஸ்பார்க் பிளக் கிடையாது. 2005இல் வந்த டாடா ஏஸ் டீசல் வண்டிதான். டீசல் வண்டிக்கு யாராவது ஸ்பார்க் பிளக் மாற்றியதாக பில் போட்டால், "எங்கே போட்டீங்க, காட்டுங்க" என்று கேளுங்கள். சிஎன்ஜி வண்டிக்கு பிளக் உண்டு.

பிளக் கெட்டுப்போனால் எப்படித் தெரியும்?

காலையில் ஸ்டார்ட் ஆக நேரம் எடுக்கும். ஓடும்போது எஞ்சின் மிஸ்ஸிங் அடிக்கும், வண்டி குலுங்கும். மேட்டில் இழுவை இருக்காது. பெட்ரோல் அதிகம் குடிக்கும். ஆம்னி வேனில் மூன்று சிலிண்டர், மூன்று பிளக். ஒன்று செத்தால் இரண்டுதான் இழுக்கும். மூன்றாவதில் போகிற பெட்ரோல் எரியாமலே சைலன்சர் வழியாக வெளியே போகும். புகை குறைக்கும் கன்வெர்ட்டர் உள்ள வண்டியில் அந்தப் பெட்ரோல் அங்கே போய் எரிந்து கன்வெர்ட்டரையே கெடுத்துவிடும். பிளக் மாற்றச் சில நூறு ரூபாய், கன்வெர்ட்டருக்குப் பல ஆயிரம்.

பழைய பிளக்கைப் பார்க்காமல் விடாதீர்கள்

நாங்கள் முக்கியமாகச் சொல்ல வந்தது இதுதான். மெக்கானிக் கழற்றிய பழைய பிளக்கைத் தூக்கிப்போட விடாதீர்கள். கையில் வாங்கி நுனியைப் பாருங்கள். டாக்டர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்ப்பது மாதிரி, எஞ்சினின் உடம்பு அதில் தெரியும்.

* வெளிர் பழுப்பு அல்லது சாம்பல் நிறம்: எஞ்சின் நன்றாக இருக்கிறது.
* காய்ந்த கரி: பெட்ரோல் அதிகம், காற்று குறைவு. ஏர் பில்டர் அடைத்திருக்கலாம். முதலில் அதைப் பாருங்கள்.
* எண்ணெய்ப் பிசுக்கு: எஞ்சின் ஆயில் உள்ளே கசிகிறது. ரிங், வால்வு பக்கம் தேய்மானம் இருக்கலாம். பழைய டூ ஸ்ட்ரோக் மொபெட் என்றால், பெட்ரோலில் ஆயில் அதிகம் கலந்திருக்கலாம்.
* வெள்ளை வெளேரென்று, கொப்புளம் போட்டது போல: எஞ்சின் அதிகம் சூடாகிறது. தண்ணீர், கூலன்ட் பாருங்கள். தப்பான பிளக்காகவும் இருக்கலாம்.
* நுனி மழுங்கித் தேய்ந்திருந்தால்: அதன் ஆயுள் முடிந்தது.

கரி பிடித்த பிளக்கை மட்டும் மாற்றிவிட்டு ஏர் பில்டரை அப்படியே விட்டால், புது பிளக்கும் சீக்கிரம் கறுத்துப் போகும். கூரை ஒழுகும்போது தரையை மட்டும் துடைத்த கதைதான்.

எந்த பிளக் வாங்குவது?

"எது இருக்கோ அதைப் போடுங்கண்ணே" என்று சொல்லாதீர்கள். வண்டியோடு வந்த புத்தகத்தில் பிளக் எண் இருக்கும். புத்தகம் இல்லையென்றால் வண்டியின் மாடல், ஆண்டு சொல்லி, அந்தக் கம்பெனியின் பாகங்கள் விற்கும் கடையில் கேளுங்கள்.

மரையின் நீளம் சரியாக இருக்கணும். நீளம் கூடினால் பிஸ்டனில் இடிக்கும். குறைந்தால் காலி மரையில் கரி பிடிக்கும்.

அடுத்தது சூட்டு அளவு. சூட்டை வேகமாக வெளியேற்றுவது குளிர் பிளக், மெதுவாக வெளியேற்றுவது சூடான பிளக். அளவுக்கு மீறிய குளிர் பிளக்கில் கரி எரியாமல் தங்கும். அளவுக்கு மீறிய சூடான பிளக் போட்டால் பொறி வரும் முன்பே கலவை தீப்பிடித்து, பிஸ்டனே உருகலாம். இதில் ஒரு குழப்பம் உண்டு. என்ஜிகே பிளக்கில் எண் ஏற ஏற குளிர். பாஷ் பிளக்கில் எண் ஏற ஏற சூடு. கம்பெனி மாற்றினால் எண்ணைப் பார்த்து ஒப்பிடாமல், இதற்கு இணையான பிளக் எது என்று கேட்டு வாங்குங்கள். நம்ம ஊரில் "மைகோ பிளக்" என்று இன்றும் சொல்வார்கள். 1951இல் தொடங்கிய மைகோ கம்பெனிதான் 2008 முதல் பாஷ் என்ற பெயரில் இருக்கிறது.

பிளக்கில் போலியும் உண்டு. பில் தருகிற கடையில் வாங்குங்கள். பழைய பில்லை எடுத்து வையுங்கள்.

மாற்றும்போது கவனிக்க வேண்டியவை

1. எஞ்சின் ஆறியிருக்கணும். சூட்டில் கழற்றினால் கையும் சுடும், மரையும் போகும்.
2. பிளக்கைச் சுற்றியுள்ள தூசியை முதலில் ஊதித் தள்ளணும். இல்லாவிட்டால் தூசி சிலிண்டருக்குள் விழும்.
3. ஒயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. மூடியைப் பிடித்துக் கழற்றணும்.
4. ஒன்றைக் கழற்றி மாட்டிய பிறகே அடுத்ததைத் தொடணும். அப்போதுதான் ஒயர் மாறாது.
5. நுனி இடைவெளியை பில்லர் கேஜ் வைத்து, புத்தகத்தில் உள்ள அளவுக்குச் சரிபார்க்கணும். விலை கூடிய இரிடியம் பிளக்கின் நுனி மெலிசானது, அதை வளைக்கக் கூடாது.
6. முதலில் கையால்தான் திருகணும். கையில் சுலபமாக இறங்கினால் மரை சரியாகப் பிடித்திருக்கு. வாஷர் உள்ள புது பிளக் என்றால், கையில் இறுகிய பின் ஸ்பேனரால் சுமார் அரைச் சுற்று போதும்.

ஆறாவதை மறக்காதீர்கள். பெரும்பாலான காரில் சிலிண்டர் ஹெட் அலுமினியம். கோணலாகத் திருகினால் மரை போய்விடும். அப்புறம் லேத் பட்டறைக்குப் போய் ஆயிரக்கணக்கில் செலவு. வேலையை மெக்கானிக்கே செய்யட்டும். நீங்கள் பக்கத்தில் நின்று பாருங்கள். "கையால திருகுங்கண்ணே" என்று மரியாதையாகச் சொல்லுங்கள். பார்க்கிற ஆள் இருந்தால் வேலை சுத்தமாக நடக்கும்.

எப்போது மாற்றுவது? புத்தகத்தில் உள்ள கிலோமீட்டர் கணக்குதான் சரி. பொதுவாகச் சாதாரண பிளக் கார்களில் 20,000 முதல் 30,000 கிலோமீட்டர் வரை உழைக்கும். இரிடியம் அதைவிடப் பல மடங்கு உழைக்கும்.

சகோதரிகளே, குழுவில் ஐந்து ரூபாய் செலவுக்கும் கணக்கு எழுதுகிற பழக்கம் நமக்கு இருக்கு. வண்டிக்கும் ஒரு நோட்டுப் போடுங்கள். பிளக் மாற்றிய தேதி, கிலோமீட்டர், பிளக் எண், விலை, பழைய பிளக்கின் நிறம் என்று ஐந்து கட்டம் போதும். இரண்டு தடவை எழுதிவிட்டால், அடுத்த முறை வண்டி நிற்கும்போது மெக்கானிக்கிடம் "என்ன ஆச்சுன்னு தெரியலை" என்று சொல்ல மாட்டீர்கள். "போன தடவை கரி பிடிச்சிருந்தது, ஏர் பில்டர் மாத்தினோம், இப்போ என்னன்னு பாருங்க" என்பீர்கள். அப்படிக் கேட்கிறவரிடம் வேண்டாத செலவை யாரும் எளிதில் சேர்க்க முடியாது.

அடுத்த கூட்டத்துக்கு, வண்டி வைத்திருப்பவர்கள் ஆளுக்கு ஒரு பழைய பிளக் கொண்டு வாருங்கள். எல்லோரும் சேர்ந்து நிறம் பார்ப்போம்.