காகம் பேசிய புத்தகங்கள்



பொருள்களைத் தேடிச் சேர்த்து வைப்பதில் இளமைப் பருவத்துக்கு ஒரு தனி இன்பம் உண்டு. சிலர் தபால் தலைகளைச் சேர்க்கிறார்கள். சிலர் பழைய நாணயங்களைச் சேர்க்கிறார்கள். கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி வட்டாரங்களில் வளர்ந்த பிள்ளைகள் தீப்பெட்டிப் படங்களைச் சேர்த்தார்கள். இவற்றையெல்லாம் பயனுள்ள பொழுதுபோக்கு என்று பெரியோர் ஒப்புக்கொள்வர். ஆனால், ஒருவன் பழைய சித்திரக் கதைப் புத்தகங்களைச் சேர்க்கிறான் என்றால், அதிலும் காகமும் குரங்கும் வாத்தும் பேசிச் சிரிக்கவைக்கும் கதைகளைச் சேர்க்கிறான் என்றால், வீட்டார் முகம் சுளிப்பதே வழக்கம். அந்தச் சேகரிப்பும் கல்வியே என்பதை இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

விலங்குகளைப் பேசவைத்துக் கதை சொல்லும் கலை நம் நாட்டில் மிகப் பழமையானது. பஞ்சதந்திரம் ஆறாம் நூற்றாண்டில் பாரசீகம் சென்று பகலவி மொழியைப் பெற்றது. எட்டாம் நூற்றாண்டில் அரபு மொழியை அடைந்தது. அங்கிருந்து ஐரோப்பா முழுவதும் பரவியது. தமிழில் தாண்டவராய முதலியார் 1826-ஆம் ஆண்டில் அதனை உரைநடை நூலாக்கினார். ஏட்டில் ஏறாத விலங்குக் கதைகளும் நம்மிடம் ஏராளம். கரிசல் காட்டில் களையெடுப்பவர்களும், திண்ணையில் அமர்ந்த பாட்டிமார்களும் நரியையும் குருவியையும் வைத்துச் சொன்ன கதைகள் எத்தனையோ! கோவில்பட்டிக்கு அருகிலுள்ள இடைசெவலில் 1923-இல் பிறந்த கி. ராஜநாராயணன் அத்தகைய வாய்மொழிக் கதைகளைத் தேடித் தேடித் தொகுத்தார். அவர் தொகுக்கத் தொடங்கியபோது, ‘இவையும் இலக்கியமா?’ என்று கேட்டவர்கள் உண்டு. இன்று அக்கேள்வி எழுவதில்லை. சொல்லப்பட்ட கதைக்கு ஒரு தொகுப்பாளர் கிடைத்தார். வரையப்பட்ட கதைக்கு யார் கிடைப்பார் என்பதே நம்முன் நிற்கும் வினா.

சித்திரக் கதை அச்சுக்கலையின் குழந்தை. இதில் நம் வறண்ட வட்டாரத்துக்குப் பெரும் பங்கு உண்டு. மழை பொய்க்கும் மண்ணில் மாற்றுத் தொழில் தேடி, சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தனர். தீப்பெட்டிக்குப் படம் வேண்டும். படத்துக்கு அச்சகம் வேண்டும். இவ்வாறு தீப்பெட்டியைத் தொடர்ந்து வண்ண அச்சுக்கூடங்கள் வளர்ந்தன. அதே சிவகாசியிலிருந்துதான் 1972-இல் ‘முத்து காமிக்ஸ்’ வெளிவந்தது. 1984-இல் ‘லயன் காமிக்ஸ்’ தொடர்ந்தது. துப்பறிவோரும் குதிரை வீரரும் அவற்றில் முதன்மை பெற்றனர். எனினும் நகைச்சுவைக் கதைகளுக்கும் இடம் இருந்தது.

குழந்தைகளுக்கான படக்கதை உலகில் சென்னையும் பின்தங்கவில்லை. 1947-இல் தோன்றிய ‘அம்புலிமாமா’ விலங்குக் கதைகளை வண்ணப் படங்களுடன் மாதந்தோறும் தந்தது. 1984-இல் பைகோ நிறுவனத்தின் ‘பூந்தளிர்’ வாண்டுமாமாவின் ஆசிரியப் பொறுப்பில் மலர்ந்தது. அனந்த் பை உருவாக்கி மோகன்தாஸ் வரைந்த கபீஷ் என்னும் குரங்கு, வேண்டியபோது தன் வாலை நீட்டிக் காட்டு நண்பர்களைக் காப்பாற்றியது அந்தப் பக்கங்களில்தான். நரியின் சூழ்ச்சியையும் முதலையின் பசியையும் தன் அறிவால் வென்ற காக்கை காளியைத் தமிழ்ப் பிள்ளைகள் சந்தித்ததும் அங்கேதான்.

இவ்விலங்குக் கதைகளுக்கு ஒரு சிறப்பு உண்டு. மனிதனை வரைந்தால், அவன் உடையும் தலைப்பாகையும் இன்ன ஊரினன் என்று காட்டிக்கொடுத்துவிடும். காகத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. பம்பாயில் வரையப்பட்ட காகம் விளாத்திகுளம் வட்டத்துப் புதூரில் வேப்பமரத்தில் அமர்ந்திருக்கும் காகமே. பருத்தியும் சோளமும் மிளகாயும் விளையும் அவ்வூர்ச் சிறுவன், கதையில் வரும் காகத்தை அயலான் என்று எண்ண வேண்டிய தேவை இல்லை. ஆதலால்தான் இக்கதைகள் மொழி கடந்தும் மாநிலம் கடந்தும் எளிதில் சென்றன.

சென்றவை நிலைத்தனவா? அதுதான் துயரம். அம்புலிமாமாவும் பூந்தளிரும் இன்று வெளிவருவதில்லை. வெளிவந்த இதழ்களோ மலிவான தாளில் அச்சானவை. மரக்கூழால் செய்த அத்தாளில் அமிலம் ஊறிக்கிடக்கிறது. வெயிலும் வெப்பமும் பட்டால் தாள் பழுத்து, மடித்த இடத்தில் முறிந்து, பின்னர் அப்பளம்போல் நொறுங்குகிறது. இயற்கை செய்யாததை அன்பு செய்துவிடுகிறது. பிள்ளைகள் விரும்பிய புத்தகம் பத்து வீடு சுற்றும், அட்டை கிழியும், நடுப்பக்கம் காணாமற் போகும். விரும்பப்படாத புத்தகமே அலமாரியில் புதிதாய் இருக்கும். எஞ்சியவை பள்ளி விடுமுறை முடிந்ததும் பழைய தாள் கடைக்குச் சென்று, கடலைப் பொட்டலமாகத் திரும்பி வந்தன. பெரிய நூல்களைப் போற்றும் நூலகங்களும் சிறுவர் இதழ்களைக் கட்டடம் செய்து வைப்பது அரிது. ஆகவே, சில தலைப்புகளுக்கு எங்கோ ஒரு வீட்டுப் பரணில் கிடக்கும் தகரப் பெட்டியே நூலகம்; அப்பெட்டியின் உடையவரே நூலகர்.

‘இருந்துதான் என்ன பயன்?’ என்று கேட்கலாம். அதற்கு அமெரிக்க நாட்டிலிருந்து ஒரு சான்று காட்டுகிறேன். அங்கே 1940-இல் தொடங்கிய வால்ட் டிஸ்னி நிறுவனத்தின் கதை இதழ் 1950-களில் மாதம் முப்பது லட்சம் படிகள் வரை விற்றது. டொனால்டு என்னும் வாத்தின் கதைகள் அதில் இடம்பெற்றன. வரைந்தவர் பெயர் எங்கும் இல்லை. டிஸ்னியின் பெயர் மட்டுமே இருந்தது. ஆனால், பழைய இதழ்களைப் போற்றி வைத்திருந்த இளம் வாசகர்கள் அவற்றை அருகருகே வைத்து ஒப்பிட்டனர். கோட்டின் நேர்த்தியையும் கதையின் கூர்மையையும் கொண்டு, ‘இவையனைத்தும் ஒரே கையின் வேலை’ என்று உணர்ந்தனர். பெயர் தெரியாத அவரை ‘நல்ல வாத்து ஓவியர்’ என்று தமக்குள் அழைத்தனர். தேடல் தொடர்ந்து, 1960-ஐ ஒட்டி அவர் கார்ல் பார்க்ஸ் என்பவர் என்று தெரிந்தது. கஞ்சப் பணக்காரராகிய ஸ்க்ரூஜ் மாமாவை 1947-இல் படைத்தவர் அவரே. 1901-இல் பிறந்து 2000-இல் மறைந்த அவருக்கு, வாழ்நாளிலேயே உரிய புகழ் கிடைத்தது. அதனைத் தேடிக் கொடுத்தவர்கள், பழைய பொம்மைப் புத்தகங்களை எறியாமல் வைத்திருந்த வாசகர்களே!

நம்மிடையே இத்தகைய பணி எவ்வளவு எஞ்சி இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். எழுத்துக் கோத்தவர், பிறமொழிக் கதைக்குத் தமிழ்ப் பேச்சு எழுதியவர், அட்டைப்படம் வரைந்தவர் என எத்தனையோ பேர் தம் பெயர் அச்சாகாமலே உழைத்திருக்கிறார்கள். இதழ்கள் இருந்தால் என்றேனும் ஒருவர் கண்டுபிடிப்பார். இதழ்களே அழிந்தால் அவர்களும் அவற்றோடு மறைவார்கள்.

மற்றொரு பயனையும் கூறுகிறேன். சிவகாசி வெளியீடுகள் வாயிலாகச் சிக் பில் என்னும் நகைச்சுவைக் கதை வரிசையைப் பலர் அறிவர். அதில் டாக் புல் என்ற காவல் தலைவரும் அவருடைய உதவியாளரும் மனிதர்களாக வந்து நம்மைச் சிரிக்கவைக்கிறார்கள். திபே என்ற புனைபெயர் கொண்ட ஓவியர் 1953-இல் இவ்வரிசையைத் தொடங்கியபோது இப்பாத்திரங்கள் விலங்கு உருவில் இருந்தன. சிறிது காலத்திலேயே மனித உருப்பெற்றன. முதல் இதழ்களை எவரும் காத்திராவிட்டால், இம்மாற்றத்தை நாம் எவ்வாறு அறிவோம்? ஒரு கலை எப்படித் தன்னைத் திருத்திக்கொண்டு வளர்கிறது என்பதை முற்பதிப்பையும் பிற்பதிப்பையும் ஒப்பிட்டே கற்க முடியும். ஏட்டுச் சுவடிகளைத் தேடி ஊர் ஊராகச் சென்ற உ. வே. சாமிநாதையர் பாடபேதங்களைக் குறித்து வைத்ததும் இந்த நோக்கத்தினால்தான். பொருளின் பெருமையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு இருக்கலாம், முறை ஒன்றே.

‘பழைய கதைகள்தாம் மறுபடியும் அச்சாகின்றனவே!’ என்று சிலர் கூறுவர். உண்மைதான். 2012 முதல் சிவகாசி வெளியீடுகள் புதுப்பொலிவுடன் நல்ல தாளில் வருகின்றன. பழைய கதைகள் பலவும் மறுபதிப்புப் பெற்றுள்ளன. அவற்றை வாங்கிப் படிப்பது நம் கடமை. எனினும், மறுபதிப்பில் கதை மட்டுமே வரும். பழைய இதழில் ஆசிரியர் எழுதிய கடிதம் உண்டு. வாசகர் கேட்ட கேள்வி உண்டு. புதிர்ப் போட்டி உண்டு. மிட்டாய் விளம்பரம் உண்டு. ‘இப்புத்தகம் என்னுடையது, எடுத்தவர் திருப்பித் தரவும்’ என்று ஒரு சிறுவன் பென்சிலால் எழுதிய எச்சரிக்கையும் உண்டு. அக்காலத்துப் பிள்ளை எதற்கு ஆசைப்பட்டான், எவ்வளவு காசு கொடுத்தான் என்பதற்கு இவற்றைவிட நல்ல சாட்சி வேறில்லை.

இனி, சேர்க்கும் முறையைப் பற்றிச் சில சொற்கள். எல்லாவற்றையும் சேர்க்க முயலாதீர்கள். ஓர் இதழை, அல்லது ஒரு பாத்திரத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். ஒரு குறிப்பேட்டில் இதழின் பெயர், எண், மாதம், ஆண்டு, விலை, அச்சகம், ஓவியர் பெயர், எவரிடமிருந்து பெற்றது ஆகியவற்றை எழுதுங்கள். குறிப்பேடு இல்லாத சேகரிப்பு வெறும் தாள் குவியலாகும். கிழிந்த பக்கத்தில் ஒட்டும் நாடாவை ஒட்டாதீர்கள்; சில ஆண்டுகளில் அதன் பசை பழுப்பேறித் தாளையே தின்றுவிடும். ரப்பர் வளையம் போடாதீர்கள். துருப்பிடித்த கம்பி ஊசிகளை மெல்ல எடுத்துவிட்டு நூலால் தையுங்கள். வெயில் படாத, ஈரம் ஏறாத, காற்றோட்டமுள்ள இடத்தில் வையுங்கள். கரிசல் நாட்டின் வறண்ட காற்று பூஞ்சணத்தைத் தடுக்கும்; ஆனால் தகரக் கூரையின் கீழுள்ள கோடை வெப்பம் தாளுக்குப் பகை. கரையானுக்கும் இராமபாணப் பூச்சிக்கும் இடம் கொடாமல், ஆண்டுக்கு இருமுறையேனும் எடுத்துத் தூசி தட்டிப் பாருங்கள்.

எல்லாவற்றிலும் முக்கியமான ஒன்று உண்டு. இன்று பழைய இதழ்களுக்கு விலை ஏறியிருக்கிறது. விலை ஏறியதால் சில இதழ்கள் குப்பைக்குப் போகாமல் தப்பின. அந்த நன்மையை மறுக்க இயலாது. ஆனால், விலைக்காக மட்டுமே சேர்ப்பவன் புத்தகத்தை உறையிலிட்டுப் பூட்டிவிடுகிறான். பிள்ளைகளின் கைபடவே பிறந்த புத்தகம், எந்தப் பிள்ளையும் தொடாத பொருளாகிவிடுகிறது. இரண்டு படிகள் கிடைத்தால் ஒன்றைக் காப்பதற்கும் மற்றொன்றைப் படிப்பதற்கும் வையுங்கள். ஒன்றே இருந்தால், அருகில் அமர்ந்து பக்கத்தைப் புரட்டிக் காட்டுங்கள். உங்களால் பேண முடியாத காலம் வந்தால், பொறுப்புள்ள நூலகத்துக்கு அளியுங்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் தனி ஒருவராய்ச் சேர்த்த நூல்களும் இதழ்களும் துண்டுப் பிரசுரங்களுமே, அவர் மறைவுக்குப் பின் 1994-இல் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகமாக உருப்பெற்றன. தனி மனிதர் ஆசை பொதுச் சொத்தாக மாறிய வரலாறு அது.

மாணவ நண்பர்களே! இந்த வேலைக்குப் பெரும் பொருள் வேண்டியதில்லை. காலம்தான் குறைவாக இருக்கிறது. 1970-களிலும் 1980-களிலும் இக்கதைகளைப் படித்த பிள்ளைகள் இன்று பெற்றோராகவும் தாத்தா பாட்டியாகவும் இருக்கிறார்கள். புதூரிலோ எட்டயபுரத்திலோ உங்கள் சொந்த ஊரிலோ, வரும் விடுமுறையில் அவர்களிடம், ‘சிறு வயதில் என்ன படித்தீர்கள்? அப்புத்தகங்கள் எங்கே?’ என்று கேளுங்கள். பரணில் ஏறிப் பாருங்கள். ஒரே ஓர் இதழ் கிடைத்தாலும் போதும். தூசியைத் துடைத்து, முதலில் அதைப் படித்துச் சிரியுங்கள். பிறகு குறிப்பேட்டை எடுத்து முதல் வரியை எழுதுங்கள்.