ஊர் மாறும்போது கோழிகளும் பத்திரமாக வந்து சேர

(மாதாந்திரக் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)



பள்ளிக்கூட விடுமுறை தொடங்கிவிட்டது. பிள்ளைகளின் படிப்புக்காகவும் வேலைக்காகவும் மேலப்பாளையத்தை விட்டுச் சென்னைக்குக் குடிபோகும் குடும்பங்கள் இந்த மாதங்களில்தான் அதிகம். கட்டிலையும் பீரோவையும் எப்படி ஏற்றுவது என்று பத்து நாள் யோசிக்கிறோம். கொல்லையில் நிற்கும் கோழிகளோ, வண்டி வாசலுக்கு வந்த பிறகுதான் நினைவுக்கு வருகின்றன. காலைக் கட்டி, சாக்கில் போட்டு, சாமான் இடுக்கில் செருகிவிடுகிறோம்.

நமது அறக்கட்டளை மூலம் கோழி பெற்ற கைம்பெண் சகோதரி ஒருவர் சென்ற கோடையில் மகள் வீட்டோடு இருக்கச் சென்னை போனார். கொண்டுபோனது 14 நாட்டுக்கோழி. பகலில் புறப்பட்ட வண்டியை ஓட்டுநர் சாப்பாட்டுக்காக வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நிறுத்திவிட்டார். போய் இறக்கியபோது உயிரோடு இருந்தவை 5. முட்டை விற்ற காசில்தான் அவர் மாதாமாதம் மருந்து வாங்கிக்கொண்டிருந்தார்.

கோழிக்கு வியர்க்காது. அதன் உடம்புச் சூடு 41 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும், நமக்கு 37. வாயைத் திறந்து இளைத்துத்தான் அது சூட்டைத் தணிக்க வேண்டும். அதற்குக் காற்றோட்டம் வேண்டும். வண்டி ஓடும்வரை காற்று வரும். நின்ற சற்று நேரத்தில் நெருக்கி அடைத்த பெட்டிக்குள் புழுக்கம் ஏறிவிடும். வழியில் கோழி சாவது பெரும்பாலும் பசியால் அல்ல, இந்தப் புழுக்கத்தால்தான். தீனி மூட்டை கட்டும் அக்கறையைக் காற்றுக்கு வழி செய்வதில் காட்டுங்கள்.

ஆகவே இரவுப் பயணமே நல்லது. இருட்டில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது. அடைந்த கோழி அமைதியாகக் கைக்கு வரும். மஃரிப் தொழுத பிறகு ஒவ்வொன்றாக, இறக்கையோடு சேர்த்து இரு கையாலும் அணைத்துப் பிடியுங்கள். தலைகீழாகத் தூக்க வேண்டாம். இஷாவுக்குப் பின் புறப்பட்டால் 600 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வழியில் பெரும்பகுதியைக் குளிர்ந்த நேரத்திலேயே கடந்துவிடலாம். எங்கே நிறுத்தினாலும் நிழலில், கொஞ்ச நேரம் மட்டும் என்று ஓட்டுநரிடம் வாடகை பேசும்போதே சொல்லிவிடுங்கள்.

பஞ்சாரம் வீட்டுக்குச் சரி, வண்டிக்கு ஆகாது. அடிப்பக்கம் திறந்தது, குலுக்கலில் நகர்ந்துவிடும். அட்டைப்பெட்டி எச்சத்தின் ஈரத்தில் இற்றுவிடும். தக்காளி ஏற்றும், நாலு பக்கமும் ஓட்டையுள்ள பிளாஸ்டிக் பெட்டியே போதும். மேலே வலை கட்டி, பெட்டிக்கு 3 அல்லது 4 கோழி விடுங்கள். அடியில் வைக்கோல் போடுங்கள். செய்தித்தாள் வழுக்கிக் கால் சுளுக்கும். சேவலுக்குத் தனிப் பெட்டி. குஞ்சுகள் தாயோடு மட்டும். அடைகாக்கும் கோழியை அசைக்காதீர்கள்; 21 நாள் முடியும்வரை பக்கத்து வீட்டில் அமானிதமாக விட்டுப் போகலாம். பெட்டிகளைச் சாமானுக்கு மேலே, பின்பக்கமாக வையுங்கள். தார்ப்பாயை இழுத்து மூடிவிட்டால் இவ்வளவு செய்ததும் வீண்.

பிற்பகலோடு தீனியை நிறுத்தி, தண்ணீரை ஏற்றும்வரை வையுங்கள். வழியில் கிண்ணத்துத் தண்ணீர் சிந்தும். நறுக்கிய வெள்ளரிக்காய் போட்டால் தாகம் அடங்கும். வெள்ளைக் கழிச்சல் தடுப்பூசியைப் புறப்பட மூன்று வாரம் முன்பே கால்நடை மருந்தகத்தில் போட்டுவிடுங்கள். நோய்க்கோழியை ஏற்றவே வேண்டாம். புளியரை வழியாகக் கேரளம் போகிறவர்கள், பறவைக் காய்ச்சல் காலமானால் சோதனைச் சாவடியில் தடுப்பார்கள் என்பதால் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

பூனையைக் கட்டிவைத்துப் பட்டினி போட்ட பெண்ணைப் பற்றிய ஹதீஸ் நாம் மதரஸாவில் சிறு வயதிலேயே கேட்டது. நாட்டுச் சட்டமும் இதில் உண்டு: 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு, வேதனைப்படும் விதத்தில் பிராணிகளை ஏற்றிச் செல்வதைக் குற்றம் என்கிறது.

சென்னையில் வீட்டுச் சொந்தக்காரர் கோழி வளர்க்கச் சம்மதிப்பாரா என்று முதலில் கேளுங்கள். சம்மதிக்காவிட்டால் இங்கேயே நல்ல விலைக்கு விற்பது மேல். மொட்டைமாடித் தகரத்தடியில் அவற்றை வாட்ட வேண்டாம்.

போய்ச் சேர்ந்ததும் முதலில் தண்ணீர், பிறகு தீனி. ஒரு வாரம் கூண்டிலேயே அடைத்து வைத்தால்தான் புது இடத்தை வீடென்று பழகும். சில வாரம் முட்டை நிற்கலாம், இறகும் உதிரலாம். அதைப் பார்த்து, இனி இது பிரியாணிக்குத்தான் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். பழகியதும் மீண்டும் இடும்.

அலுவலகத்தில் வலை கட்டிய பெட்டிகள் ஆறு வைத்திருக்கிறோம். வேண்டியவர்கள் அஸருக்குப் பிறகு வந்து வாங்கிக்கொள்ளலாம். வாடகை இல்லை, கழுவி, வெயிலில் காயவைத்துத் திருப்பித் தாருங்கள்.